காய்ந்த ஆவாரம்பூ: பூவாக வாங்குங்கள், பொடியாக வேண்டாம்

நாட்டு மருந்துக் கடைகளில் ஆவாரம்பூ முழுப் பூவாகவும் பொடியாகவும் தேநீர்ப் பையாகவும் கிடைக்கிறது. வாங்கத் தகுந்தது முழுப் பூதான். கலப்படம் கண்ணில் படுவது அதில் மட்டுமே.

ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். நல்ல சரக்கில் இதழ் மங்கிய பொன்மஞ்சளாக இருக்கும். நரம்போட்டம் பழுப்பாகத் தெரியும். விரலில் கசக்கினால் நொறுங்க வேண்டும். துவண்டால் உள்ளே ஈரம் இருக்கிறது, சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும். கறுத்த பூ, பறித்த ஈரத்தோடு குவித்துப் போட்டது. வெளுத்த பூ, நிழலில் உலர்த்தாமல் சுள்ளென்ற வெயிலில் காயவைத்தது. உதிரி இதழாகவே இருந்தால் சரக்கொன்றை கலந்திருந்தாலும் பிரித்தறிவது கடினம். மொட்டும் முழுப் பூவுமாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். காம்பும் இலையும் மிகுந்திருந்தால் எடைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

பெயர்க் குழப்பமும் உண்டு. ஆவாரை, ஆவிரை, தெலுங்கில் தங்கேடு, சிங்களத்தில் ரணவரா எல்லாம் ஒரே செடி. உறையில் ‘காசியா ஆரிகுலேட்டா’ என்றிருந்தாலும் ‘சென்னா ஆரிகுலேட்டா’ என்றிருந்தாலும் சரிதான். முன்னது பழைய பெயர். வெறுமனே ‘சென்னா’ என்றிருந்தால் வைத்துவிடுங்கள். அது பெரும்பாலும் நிலாவரை இலை, வயிற்றுப்போக்கு வரும்.

குடிநீருக்கு 200 மி.லி. தண்ணீர், ஒரு தேக்கரண்டி பூ, மூன்று நிமிடக் கொதி போதும். கூடுதலாகக் கொதித்தால் துவர்ப்பு ஏறி நாக்கில் ஒட்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது: துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து நீர் கறுத்துவிடும். இதே சத்து பட்டையில் மிக அதிகம். தோல் பதனிட ஆவாரம்பட்டையைத் தேடி வாங்கியது அதனால்தான். சர்க்கரை நோய்க்கு இதைக் குடிக்கும் பழக்கம் பழையதுதான், ஆனால் மாத்திரைக்கு மாற்றாக நினைக்காதீர்கள். மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், சர்க்கரை தாழ்ந்துபோகலாம். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

குளியல் பொடிக்கு இந்தக் காய்ந்த பூ நன்றாகவே உதவும். பூ 100 கிராம், பாசிப்பயறு 200, பூலாங்கிழங்கு 50, கஸ்தூரி மஞ்சள் 25. அரைக்கும் முன் இளவெயிலில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். ஈரப்பூ பொடியாகாமல் அப்பிக்கொள்ளும். மில்லில் கொடுத்தால் மிளகாய் அரைத்த கையோடு போட்டுவிடப் போகிறார்கள், சொல்லிக் கொடுங்கள். கூட்டுக்கு மட்டும் காய்ந்தது உதவாது. பாசிப்பருப்போடு வேகவைக்கப் புதுப்பூதான் வேண்டும்.

பொடியில் எது பூ, எது இலை, எது தவிடு என்று அறிய வழியில்லை. தேநீர்ப் பையில் இருப்பதும் அநேகமாகத் தூள்தான். இஞ்சி, எலுமிச்சை மணம் சேர்த்திருந்தால் பழைய பூவின் புழுங்கல் வாடைகூட மறைந்துவிடும்.