நகராத சைக்கிள்

மூன்று வார லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியாயிற்று. விமானம், பெட்டி, பேங்க் வேலை எல்லாம் ஒழுங்காக முடிந்தன. அதனால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வந்தது ஒரு சைக்கிளைப் பற்றி. ஒரே இடத்தில் நிற்கிற சைக்கிள்.

அப்பாவுக்கு அல்சைமர் என்று டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. முதலில் சாவியைத் தேடினார். இப்போது சாவி எதற்கு என்று கேட்கிறார். கூடவே இருந்து பார்த்துக்கொள்வது அண்ணன். நான் வருஷத்துக்கு ஒரு தடவை போய்க் குறை கண்டுபிடித்துவிட்டு வருகிறவன். இந்த முறை போன மறுநாளே, "நீ வரட்டும்னுதான்டா ஆரம்பிக்காம வச்சிருந்தேன்" என்று என்னையும் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு அழைத்துப் போனார். சைக்கிள் மிதிக்கும்போதே தலைக்கு லேசான மின்சாரம் கொடுப்பார்களாம். மறதியை விரட்டிவிடலாம் என்று சுவரில் எழுதியே வைத்திருந்தார்கள்.

மின்சாரம் என்றதும் ஷாக் ட்ரீட்மென்ட் என்று நினைக்க வேண்டாம். இதற்குப் பெயர் டிடிசிஎஸ் (tDCS), மண்டைக்கு வெளியிலிருந்து மூளைக்கு லேசான மின்சாரம் கொடுக்கும் முறை. உப்புநீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுகளைத் தலையில் வைத்துப் பட்டியால் கட்டி, பெரும்பாலும் 1 அல்லது 2 மில்லிஆம்பியர் மின்சாரத்தை 20 நிமிஷம் விடுகிறார்கள். போன் சார்ஜர் கொடுப்பதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. வலிப்பை வரவழைப்பது, மயக்க மருந்து எதுவும் கிடையாது. அது நரம்பணுக்களை நேராக உசுப்புவதுகூட இல்லை; உசுப்பினால் சட்டென்று எழும் நிலையில் வைக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் உடம்பும் அசைந்தால், மூளைக்கு இரத்த ஓட்டம் கூடினால், இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் என்பது கணக்கு. யோசனை நியாயமானதுதான்.

என் கோபம் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. தலைக்குள் உலோகம் ஏதாவது உண்டா, பேஸ்மேக்கர் உண்டா, எப்போதாவது வலிப்பு வந்ததா, தலைத்தோலில் புண் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. பெயர், வயசு, "எத்தனை நாள் வருவீங்க?" முடிந்தது. நான் இருக்கும் நாட்டில் இதே மாதிரி ஓர் ஆய்வில் நண்பரின் அம்மா சேர்ந்தபோது, ஒப்புதல் படிவத்தை விளக்கவே ஒரு காலைப்பொழுது போயிற்று. உங்களுக்கு நிஜமான மின்சாரமும் கிடைக்கலாம், ஒப்புக்கு வைப்பதும் கிடைக்கலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அன்றைக்கு அந்தப் படிவத்தைத் திட்டியவன் நான். இங்கே அதற்கு ஏங்கிக்கொண்டு நின்றேன்.

சரி, சைக்கிளுக்கு வருகிறேன். அப்பாவை ஏற்றி உட்கார வைத்தார்கள், ஸ்பாஞ்சைக் கட்டினார்கள், பட்டனை அழுத்தினார்கள். மிதித்தார். சரியாக இரண்டு நிமிஷம். அப்புறம் காலைத் தரையில் ஊன்றி இறங்கப் பார்த்தார். வயர் இழுத்தது, பட்டி நழுவியது, மின்சாரம் கொடுக்கும் பெட்டி கீச்சென்று கத்திவிட்டு நின்றது. நிற்கத்தான் வேண்டும்; ஸ்பாஞ்சு விலகினாலோ காய்ந்தாலோ தோல் பொசுங்கக்கூடும். அந்த அறையில் பொறுப்போடு இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

மறுபடி ஏற்றினார்கள். மறுபடி இறங்கினார். மூன்றாவது தடவை அந்த பிசியோதெரபிஸ்ட் என் பக்கம் திரும்பி, "தாத்தா கோஆபரேட் பண்ண மாட்டேங்கறாரு" என்றார். அப்பா அங்கே இல்லாததுபோல! முப்பத்தைந்து வருஷம் வகுப்பு எடுத்த மனுஷர், இவரிடம் தோளை அழுத்தி உட்கார வைக்கப்படுகிறார். அப்பா அந்தக் கையைத் தட்டிவிட்டு, பெடல் பக்கமாகக் குனிந்து எதையோ தேடினார். என்ன தேடுகிறார் என்று நான் பார்க்கவில்லை. இங்கே மேனேஜர் யார், வாத்தியாரை இப்படித்தான் நடத்துவீர்களா, நான் இருக்கும் இடத்தில் இப்படி நடந்தால் தெரியுமா என்று கத்துவதில் மும்முரமாக இருந்தேன்.

தரையில் சிந்திய உப்புநீரைத் துடைக்க ஓர் அக்கா வந்தார். என் கத்தலில் அப்பா வாத்தியார் என்பது அதற்குள் அந்தக் கட்டடத்துக்கே தெரிந்திருந்தது. அவர் கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சைக்கிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெடல் மூடிக்குக் கீழே துணியை விட்டு ஏதோ செய்வதுபோலச் செய்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "செயின் மாட்டிட்டேன் சார். மிதிச்சுப் பாருங்க."

அப்பா பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். திருப்தி. ஏறினார். 20 நிமிஷமும் மிதித்தார்.

மிதிக்கிறோம், வண்டி நகரவில்லை என்றால் செயின் கழன்றிருக்கிறது. சைக்கிள் ஓட்டிய எவருக்கும் தெரிந்த விஷயம். என்னை முன்பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் போன நாட்களில் அந்தச் செயின் எத்தனை தடவை கழன்றிருக்கும்! என்னை இறக்கி ஓரமாக நிற்க வைத்து, ஒரு குச்சியால் செயினைப் பல்லில் ஏற்றி, பெடலைக் கையால் சுற்றிப் பார்த்து, கறுத்த விரலை என் மூக்கில் தடவிவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். கைப்பழக்கமான வேலைகள் இந்த நோயில் மற்ற நினைவுகளைவிட அதிக நாள் தங்கும் என்று நான் படித்திருக்கிறேன். படித்தது சைக்கிள் பக்கத்தில் நின்றபோது உதவவில்லை.

அடுத்த நாள்களில் தகராறு வேறு. "சுருசுருன்னு இருக்கா சார்? அப்போ வேலை செய்யுது" என்றார் பிசியோதெரபிஸ்ட். அது எதற்கும் அத்தாட்சி ஆகாது. ஆய்வுகளில் ஒப்புக்கு வைப்பவர்களுக்கும் முதல் அரை நிமிஷம்போல மின்சாரம் கொடுத்து நிறுத்திவிடுவார்கள், அவர்களுக்கும் சுருசுரு என்றுதான் இருக்கும். தூண்டலின் விளைவு நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். 13 நிமிஷத் தூண்டல் ஒன்றரை மணி நேரம்வரை தங்கியதை 2001-லேயே காட்டியிருக்கிறார்கள், ஆனால் நோயில்லாதவர்களிடம், கைகாலை அசைக்கும் பகுதியில். அதை வைத்துத்தான் கேட்டேன்: முதலில் நாற்காலியில் உட்கார வைத்து மின்சாரம் கொடுங்கள், கழற்றிவிட்டுச் சைக்கிள் விடுங்கள், வயரும் இழுக்காது, வியர்வையில் பட்டியும் நழுவாது. "ரெண்டும் ஒண்ணாத்தான் சார், பேக்கேஜே அதுதான்."

சுவரில் இருந்த அந்த வாக்கியம்தான் எனக்கு உறுத்தல். இரண்டையும் சேர்த்துச் செய்த ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. உடற்பயிற்சியை மட்டும் எடுத்தாலும் கதை நேராகப் போகவில்லை. 2011-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஒரு வருஷம் நடைப்பயிற்சி செய்த முதியவர்களுக்கு, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி 2 சதவீதம் பெரிதானது. அவர்களுக்கு டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய், கிடையாது. இங்கிலாந்தில் டிமென்ஷியா உள்ள 494 பேரை வைத்துச் செய்து 2018-ல் வெளியிட்டதில், நாலு மாதம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தும் உடம்பு தேறியதே தவிர அறிவாற்றல் சரிவது மெதுவாகவில்லை. உடம்பு தேறுவது சின்ன விஷயமா என்ன? அதை எழுதியிருந்தால் நானே போய்க் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பத்து நாள் போனோம். ஏதாவது மாறியதா என்று கேட்பீர்கள். ராத்திரி நன்றாகத் தூங்கினார் என்கிறார் அண்ணன். மிதித்ததாலா, ஸ்பாஞ்சாலா, வீட்டில் நான் இருந்து சத்தம் போட்டதாலா, யார் கண்டது. கடைசி நாளில் அந்த அக்காவைத் தேடினேன், அன்று அவருக்கு லீவு. மேனேஜரை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த பேக்கேஜ் பற்றிப் பேசினார்.

அண்ணன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, யாரோ வேண்டாம் என்று வைத்திருந்த ஒரு நிற்கிற சைக்கிளை வாங்கி வீட்டு முன்னறையில் போட்டிருக்கிறார். நேற்று போனில் கேட்டேன். தினமும் ஏறுகிறாராம். செயின் தொந்தரவு இப்போது இல்லையாம். பிரேக் பிடிக்கவில்லை என்று இறங்கிவிடுகிறாராம்.