கணக்குக் கேட்பதா, நலம் கேட்பதா?

ஆளில்லாத அறையில் குரல் கேட்கிறது, பக்கத்து வீட்டார் வேவு பார்க்கிறார்கள் என்று ஒரு கல்லூரி மாணவன் நம்பத் தொடங்குகிறான். இப்படி நிஜம் எது, பிரமை எது என்று பிரித்தறிய முடியாமல் போகும் மனநோய் நிலைதான் சைக்கோசிஸ். அது பெரும்பாலும் இந்த வயதில்தான் தலைகாட்டும். ஒரு கிளினிக்குக்கு இப்படி வருபவர்கள் கொஞ்சம் பேர்தான். அதை மட்டும் வைத்து எந்தச் சிகிச்சை பலிக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால்தான் பல இடத்துத் தரவுகளை ஒன்றுசேர்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் நடப்பது, தர வேண்டிய சிகிச்சையைத் தந்தார்களா என்று பார்க்கும் தேசியத் தணிக்கை. பரிந்துரை வந்து 2 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கியதா? குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்களா? 2 மருந்துகள் பலிக்காதவருக்கு குளோசபின் என்ற மருந்தைத் தர முன்வந்தார்களா? கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. குளோசபின் என்றால் ஆரம்பத்தில் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. கேட்க ஆளில்லாவிட்டால் மருத்துவருக்கு அதைத் தள்ளிப்போடத் தோன்றும்.

அமெரிக்காவில் 2019இல் தொடங்கிய எபிநெட் என்ற ஆய்வு வலையமைப்பு, 100க்கும் மேற்பட்ட கிளினிக்குகளை இணைக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே கேள்வித்தொகுப்பு. சேரும்போது ஒருமுறை, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. படிப்பைத் தொடர்கிறாயா, மருந்து என்ன செய்கிறது என்று அந்த மாணவனிடமே கேட்கிறார்கள். தணிக்கையில் மருத்துவர் செய்தது தெரியும். இதில் அவன் எப்படி இருக்கிறான் என்பது தெரியும்.

சரி, குறை இல்லையா? உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டவன் 6ஆம் மாதம் பதில் சொல்ல வரமாட்டான். தொடர்ந்து வந்தவர்களின் கதைதான் தரவில் தங்கும். இருந்தும் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் எபிநெட் வழியைத்தான் எடுப்பேன், அந்த குளோசபின் கேள்வியையும் சேர்த்துக்கொண்டு.