காரைக்குடிப் பக்கம் கிட்டார் வகுப்பு: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பிள்ளைகளைக் கிட்டார் வகுப்பில் சேர்க்க இருப்பவர்களுக்கு. பேர் வேண்டாம், ஒரு வகுப்பில் வருடக் கட்டணத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, "கிட்டார் அப்புறம் வாங்கலாம், இப்போதைக்கு போன் போதும்" என்று ஒரு கிட்டார் ஆப்புக்குச் சந்தாவும் கட்ட வைக்கிறார்கள். சில மாதம் கழித்து நிஜக் கிட்டாரைக் கொடுத்தால் பிள்ளைக்கு ஏ மைனர் கார்ட்கூட (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு) வரவில்லை. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டால், "பிள்ளை வீட்டில் பழகவில்லை" என்கிறார்கள்.

ஆப்பில் எவ்வளவு பழகினாலும் வராது. ஆர்பெஜியோவில் கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக மீட்ட வேண்டும். வலது கையில் 6, 5, 4ஆம் கம்பிகள் (6 மேலே உள்ள தடித்த கம்பி, 1 கீழே உள்ள மெல்லிய கம்பி) கட்டைவிரலுக்கு. 3 ஆள்காட்டிக்கு, 2 நடுவிரலுக்கு, 1 மோதிரவிரலுக்கு. ஏ மைனருக்குக் கம்பி வரிசை 5-3-2-1-2-3. டி மைனருக்குப் போனால் கட்டைவிரல் 4க்கு இறங்கணும், ஈ மேஜருக்கு 6க்கு ஏறணும். ஆப்பில் கார்ட் பட்டனைத் தொட்டால் சரியான சுரங்களை அதுவே எடுத்துக்கொள்ளும்; ஆட்டோபிளே போட்டால் மீட்டக்கூட வேண்டாம். எந்த விரல் தொட்டது என்பது திரைக்குத் தெரியாது. பிள்ளை ஒற்றை விரலாலேயே தட்டிக்கொண்டிருக்கும்.

இடது கைக்கு இன்னும் மோசம். ஏ மைனரில் ஆள்காட்டி 2ஆம் கம்பியின் முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) நிமிர்ந்து நிற்கணும். கொஞ்சம் படுத்தாலும் 1ஆம் கம்பியில் பட்டு 'டப்' என்று செத்த சத்தம் வரும். எல்லாக் கம்பியையும் ஒரே வீச்சில் ஸ்ட்ரம் செய்தால் அது மறைந்துவிடும், ஆர்பெஜியோவில் உடனே காட்டிக்கொடுக்கும். ஆப்பில் அந்த 'டப்' வரவே வராது. வீணைக்குப் பேர் வாங்கிய ஊரில், கம்பியில் விரல் படாமல் வாத்தியம் சொல்லித்தருகிறார்கள்!

ஆப்பில் வாசிக்கும்போது புளூடூத் ஹெட்போனும் வேண்டாம். சத்தம் 0.1 முதல் 0.2 நொடி வரை தாமதமாக வரும், தாளம் தானாகவே விலகும். ஒயர் ஹெட்போன் போடுங்கள். டியூனர் (சுருதி சேர்க்க), மெட்ரோனோம் (தாள அடி காட்ட) இரண்டுக்கும் போன் நல்ல துணைதான்.

அடுத்து, வகுப்பிலேயே விற்கும் கிட்டார். நைலான் கம்பிக்கான கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி கட்டித் தருகிறார்கள். ஸ்டீலின் இழுவிசை மிக அதிகம். நாளடைவில் பிரிட்ஜ் (உடலில் கம்பி கட்டும் கட்டை) பெயரும், கழுத்து வளையும். பிரிட்ஜைப் பாருங்கள்: முடிச்சுப் போட்டுக் கட்டும் துளைகள் இருந்தால் அது நைலானுக்கானது, ஸ்டீலுக்குப் பெரும்பாலும் ஆறு பின் இருக்கும். ஸ்டீல் கிட்டாரானால் ஸ்கேல் வைத்து 12ஆம் ஃப்ரெட்டிலிருந்து 6ஆம் கம்பி எவ்வளவு உயரம் என்று அளங்கள். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் பிள்ளையின் விரல் தாங்காது.

சேர்க்கும் முன் ஒரு மாதக் கட்டணம் மட்டும் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, அடிக்கு இரண்டு சுரமாக அந்த ஆர்பெஜியோவை மாஸ்டரையே நிஜக் கிட்டாரில் வாசிக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்யணும்; யுபிஐ ஆட்டோபே கொடுத்திருந்தால் அதையும் பாருங்கள். கட்டணம் திரும்பி வராவிட்டால் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள்.