ஆக்சிலில் தொங்கும் தகட்டை நம்ப வேண்டாம்: பழைய ஜீப் பாகம் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

கம்பம், கூடலூர், போடி பக்கத்திலிருந்து இடுக்கி மலையில் ஏலத்தோட்டம் பார்ப்பவர்களும், குறைந்த செலவில் மலைப்பாதைக்கு ஏற்ற வேன் ஒன்றை வீட்டிலேயே தயார் செய்ய நினைப்பவர்களும் இந்தப் பதிவை முழுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பழைய ஜீப் பாகங்கள் விற்கும் ஒரு கடையில், என் வண்டிக்குப் பொருந்தாத முன் ஆக்சிலை, அதன் அடையாளத் தகட்டை மாற்றிப் பொருத்தி, பொருந்தும் என்று சொல்லி விற்றார்கள். புகார் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் கையாண்ட முறையை மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் அதே முறை அடுத்தவர் மீதும் பாயும்.

என்னுடையது மஹிந்திரா ஜீப்பின் நீளச் சேசிஸில் கூடு கட்டிய பழைய டீசல் வண்டி. மூடிய பாடி, நான்கு சக்கர இயக்கம் என்று ஆர்.சி.யிலேயே பதிவாகியிருப்பதால்தான் அதை வாங்கினேன். காய் எடுப்புக் காலத்தில் தோட்டத்திலேயே தங்க வேண்டியிருப்பதால், தரையைத் துருநீக்கிப் பிளைவுட் விரித்து, கழற்றி மாட்டக்கூடிய படுக்கையும் தண்ணீர் கேனுக்கு ஓர் அடைப்பும் வீட்டு முற்றத்திலேயே செய்துகொண்டேன். அந்த வேலைகளில் சொல்லும்படியான சிக்கல் எதுவும் இல்லை. முன் ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங் மட்டும் விரிசல் விட்டிருந்ததால், அதே வகையில் வேறொன்று தேவைப்பட்டது.

எனது பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 39 பற்கள், ஷாஃப்ட்டிலிருந்து வந்து அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 8 பற்கள். இந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். கடைக்காரர் கறுப்புப் பெயிண்ட் அடித்த ஓர் ஆக்சிலைக் காட்டி, “மிலிட்டரி டிஸ்போசல் சார், ஒரே வண்டியில கழட்டினது, தகட்டப் பாருங்க, 39-8” என்றார். இந்தப் பல்சக்கரங்களை மூடியிருக்கும் டிஃபரன்ஷியல் கவரின் போல்ட் ஒன்றில் அந்தச் சிறிய தகடு இருந்தது, அதில் 39 8 என்று அடிக்கப்பட்டிருந்தது. கவரைத் திறந்து காட்டும்படி கேட்டேன். திறந்தால் ஆயில் கசியாமல் தடுக்கும் பேக்கிங் போய்விடும், பிறகு திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். கையால் சுற்றிப் பார்க்கலாம் என்றால், பினியன் பக்கத்தைச் சாக்கு சுற்றிக் கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தார்கள், ஏற்றி இறக்கும்போது அடிபடாமல் இருக்கவாம். அதே இரவில் வாட்ஸ்அப் குரல் செய்தியிலும் “39-8, உங்க வண்டிக்கு அப்படியே சேரும்” என்று அவரே அனுப்பினார். பேரம் பேசி 38,000 ரூபாய்க்கு முடித்தேன்.

இந்த எண்கள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டும். கிரவுன் பற்களைப் பினியன் பற்களால் வகுத்தால் வருவதுதான் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது. 39/8 என்றால் 4.88, 43/8 என்றால் 5.38, 41/9 என்றால் 4.56. வில்லிஸ் வழிவந்த மஹிந்திரா ஜீப்புகளில் இவை வெவ்வேறு மாடல்களில் வந்துள்ளன, வெளியிலிருந்து பார்த்தால் ஹவுசிங் ஒன்றுபோலவே இருக்கும், ஸ்பிரிங் பட்டைகளின் மேல் அப்படியே உட்காரும். நான்கு சக்கர இயக்கத்தில் போட்டவுடன் இன்ஜின் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வேகத்தில் ஷாஃப்ட்டைச் சுற்றுகிறது, இடையில் வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ள இந்த வண்டிகளில் தனி டிஃபரன்ஷியல் கிடையாது. பின்னால் 39/8, முன்னால் 43/8 என்று வைத்துக்கொண்டால், ஷாஃப்ட் 100 சுற்று சுற்றும்போது பின் சக்கரம் இருபதரைச் சுற்றும் முன் சக்கரம் பதினெட்டரைக்குச் சற்று மேலும் சுற்றும். ஒரே தூரத்தைக் கடக்க வேண்டிய சக்கரங்களுக்குள் ஏறத்தாழ இரண்டு சுற்று வித்தியாசம் வந்தால், ஒன்று டயர் வழுக்க வேண்டும், இல்லையென்றால் இடையிலுள்ள இரும்பு ஏதாவது உடைய வேண்டும்.

சேற்றில் டயர் வழுக்கிவிடுவதால் இந்தக் குறை முதலில் தெரிவதில்லை. சாதாரணச் சாலையில் இரு சக்கர இயக்கத்தில் ஓட்டும்போதும் தெரிவதில்லை. விற்பவர்களுக்கு வசதியான இடமும் இதுதான், ஏனெனில் “ஓட்டிப் பார்த்து எடுங்க” என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. கேரள எல்லையிலுள்ள கம்பம் மெட்டுக்கு மேலே தோட்டப் பாதையின் சேற்றைத் தாண்டி, காங்கிரீட் போட்ட ஏற்றத்தில் வண்டி ஏறியபோதுதான் அடியிலிருந்து விட்டு விட்டு இடிக்கும் சத்தம் வந்தது. லிவரை இரு சக்கரத்துக்கு மாற்ற முயன்றால் அது கல்லாகச் சமைந்து நின்றது. சிறிது தூரம் ரிவர்ஸ் எடுக்கலாம் என்று நினைப்பதற்குள் முன் ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான யூஜே கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் தரையில் மோதித் தொங்கியது. பின்னால் உரமூட்டைகளும் இரண்டு ஆட்களும் இருந்தார்கள். பிரேக் பிடித்ததால் வண்டி நின்றது, யாருக்கும் அடிபடவில்லை.

கீழே கொண்டுவந்து கம்பத்தில் எனக்குப் பழக்கமான லேத்துப் பட்டறையில் கவரைக் கழற்றினோம். வடிந்த கியர் ஆயிலில் வெள்ளித்தூள் மினுங்கியது. துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது, கிரவுன் வீலின் விளிம்பிலேயே 43 8 என்று தெளிவாக அடிக்கப்பட்டிருந்தது. பட்டறை அண்ணன் தகட்டைப் பிடித்திருந்த போல்ட்டை விரலால் காட்டினார். மற்ற போல்ட்டுகளின் தலையில் பழைய பெயிண்ட் படிந்து மூலைகள் தேய்ந்திருக்க, அந்த ஒன்று மட்டும் புத்தம் புதியது. வேறு ஆக்சிலில் இருந்த தகட்டைக் கழற்றி இதில் மாட்டி, அதன் மேல் கறுப்புப் பெயிண்ட்டை ஓட்டியிருக்கிறார்கள்.

தகடு என்பது ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் இடம் மாறிவிடும் பொருள், ஆகவே அதைச் சான்றாக ஏற்க வேண்டாம். கவரைத் திறக்காமலே விகிதத்தைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முன் சக்கரத்தை ஆக்சிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் ஃப்ரீ வீல் ஹப் இருந்தால் அதை லாக்கில் வைத்து, ஒரு பக்க டிரம்மை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்க டிரம்மில் சாக்பீஸால் கோடு போட்டுச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால், உள்ளே கிரவுன் வீல் ஒரு சுற்றுச் சுற்றும். அந்நேரத்தில் பினியனின் வெளிமுனையான ஃபிளாஞ்ச் ஐந்து சுற்றுக்குச் சற்று முன்பே நின்றால் அது 39/8, ஐந்தைத் தாண்டி மூன்றிலொரு பங்குக்கு மேலும் போனால் 43/8, நாலரையைச் சற்றே கடந்து நின்றால் 41/9. பினியனைக் கட்டி வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்ய விடாத கடையில் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

பணத்தைவிட என்னை அதிகம் கலங்கடித்தது வேறொன்று. ஆக்சிலோடு சேர்த்து, ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டான டிராக் லிங்க்கையும் “செட்டாக” கொடுத்திருந்தார்கள். சந்தேகத்தில் அதையும் கழற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது, தடித்த பெயிண்ட்டுக்கு அடியில், நடுவில் அறுத்து ஒட்டவைத்த வெல்டிங் தெரிந்தது. மேடு தெரியாதபடி கிரைண்டரால் சமமாக்கி, பள்ளத்தில் பட்டி அடைத்திருந்தார்கள். மெட்டிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அந்த ஒட்டு விட்டிருந்தால் ஸ்டியரிங் கையில் இருக்கும், சக்கரம் தன் போக்கில் போகும். தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு தினமும் அதே சாலையில் எத்தனை ஜீப்புகள் போகின்றன என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டியரிங் பாகத்தை வெல்ட் வைத்து விற்பவர் அதை அறியாதவர் அல்லர். பழைய இரும்பில் ஸ்டியரிங் இணைப்புகளை மட்டும் யாரும் வாங்க வேண்டாம், புதியதே வாங்குங்கள்.

திருப்பிக் கேட்டபோது கடைக்காரர் பில்லைப் பார்க்கச் சொன்னார். அதில் ஆக்சில் என்ற சொல்லே இல்லை, “பழைய இரும்பு” என்றும் எடையும் தொகையும் மட்டுமே இருந்தன. நான் பொருளின் பெயரை எழுதும்படி வாங்கிய அன்றே கேட்டிருந்தேன், ஜி.எஸ்.டி. கணக்குக்கு இப்படித்தான் போட முடியும் என்று மறுத்துவிட்டார்கள். அவர் அனுப்பிய குரல் செய்தி மட்டும் கைபேசியில் பத்திரமாக இருந்தது. அதையும், கிரவுன் வீலின் படங்களையும், பட்டறையின் எழுத்துச் சான்றையும் சேர்த்துத் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளித்திருக்கிறேன். எல்லைப்பக்கத்துக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்தாக வேண்டும். வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் இதில் வராது என்றாலும், சொந்தப் பிழைப்புக்கு, சுயதொழிலாக வாங்கியதற்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு.

அதே கடையில் வண்டியை உயர்த்தவும் பெரிய டயர் போடவும், இரு சக்கர இயக்க வண்டிக்கு முன் ஆக்சில் ஏற்றவும் “எல்லாம் நாங்க பாத்துக்குறோம்” என்று வற்புறுத்துகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு ஆர்.சி. விவரத்துக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உரிமையாளருக்குத்தான் விதிக்க முடியும். மெட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திச் சோதிக்கும்போது கடைக்காரர் வந்து நிற்க மாட்டார்.

அந்தக் கடையில் வாங்கிய ஆக்சிலையும் தகட்டையும் டிராக் லிங்க்கையும் நான் திருப்பிக் கொடுக்கவில்லை, “கொண்டாங்க, மாத்தித் தாரோம்” என்று பிறகு அழைத்தபோதும் கொடுக்கவில்லை, அவை போனால் சான்றும் போய்விடும். சமீபத்தில் கறுப்புப் பெயிண்ட் அடித்து “மிலிட்டரி டிஸ்போசல்” என்று விற்ற முன் ஆக்சிலை வாங்கியவர்கள், வண்டியை மறுபடி மலையேற்றும் முன் கவரைக் கழற்றி கிரவுன் வீலின் எண்ணைப் பார்க்கவும். எண் மாறியிருந்தால் தகடு, போல்ட், கிரவுன் வீல் மூன்றும் தெரியும்படி படமெடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பினால், என் புகாரோடு அதையும் ஆணையத்தில் சேர்த்துக் கொடுக்கிறேன்.