ஒல்லியாக இருப்பவர்களே, எடை கூட்டும் பொடிக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

இன்று காலை, பொடி விற்றவர்களின் நம்பர் என்னை பிளாக் செய்துவிட்டது. 6,800 ரூபாய் போச்சு. கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்றால் அது ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

என் உயரம் 170 செ.மீ., எடை 49 கிலோ. பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 17-ஐக்கூடத் தொடாது, 18.5-க்குக் கீழே போனாலே எடை குறைவு என்பது கணக்கு. வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "பையன் நல்லாத்தான் இருக்கான், ஆனா சீக்காளி மாதிரி இருக்கானே" என்று பெண் வீட்டுப் பெரியவர் என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்துத்தான் சமூக வலைத்தளத்தில் மூலிகைப் பொடி விற்கும் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. 'ஒரே மாதத்தில் 8 கிலோ, பக்க விளைவே கிடையாது.'

விசாரித்தேன். உடனே ஒரு பெண் போன் செய்தார். "தம்பி, அக்காகிட்ட கூச்சப்படாம சொல்லுங்க. பசி எடுக்குதா? ராத்திரி நல்லா தூங்குறீங்களா? காலையில வயிறு சரியா போகுதா?" நாக்கைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். "அதான் பாத்தேன், வாயு. என்ன சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது. என் தம்பியும் இப்படித்தான் இருந்தான்" என்றார். என் உடம்பைப் பற்றிக் கிண்டல் இல்லாமல் அவ்வளவு நேரம் யாரும் என்னிடம் பேசியதே இல்லை. அந்தக் குரலில்தான் நம்பிக்கை வந்தது. "எடை ஏறலைன்னா முழுப் பணமும் வாபஸ், இது அக்கா வாக்கு." 6,800 ரூபாயை முன்பணமாகவே வாங்கினார்கள். பணம் போனது கம்பெனி பெயருக்கு அல்ல, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கு. பில்லும் கிடையாது.

வந்தது டப்பாக்களில் பொடியும், செரிமானத்துக்கு என்று ஒரு கவரில் உதிரியாகக் கொஞ்சம் மாத்திரையும். சாப்பிட ஆரம்பித்ததும் அகோரப் பசி, பகலெல்லாம் தூக்கம். நான்கு கிலோ ஏறியது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பார்த்தால் முகம் மட்டும் பூரி மாதிரி உப்பி, கையும் தோளும் பழைய குச்சியாகவே இருந்தன. கணுக்காலை அழுத்தினால் குழி விழுந்தது.

டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை. பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இப்படிப்பட்ட பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலப்பது உண்டு என்றார். அது முகத்தை உப்ப வைக்கும், ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சைப்ரோஹெப்டடின் என்று ஓர் அலர்ஜி மாத்திரை இருக்கிறதாம்; அதைப் போட்டால் பசியும் வரும், தூக்கமும் வரும். ஏறியது சதையா நீரா என்று அவர் கேட்டபோது எனக்கு வாயே திறக்கவில்லை.

அன்றைக்கே அக்காவுக்கு போன் போட்டேன். "அது கெட்ட நீர் வெளிய வர்றதுக்கு முன்னாடி அப்படித்தான் இருக்கும் தம்பி." மறுபடி கேட்டால், "பத்தியம் இருந்தீங்களா? கோழி சாப்பிட்டிருப்பீங்க." பத்தியம் என்ற பேச்சையே அதுவரை எடுத்ததில்லை! பணத்தைக் கேட்டதும் "சார்கிட்ட பேசுங்க" என்றார். சார் எப்போதும் மீட்டிங்கில். ஒருநாள் சாரே எடுத்து, "எடை ஏறிடுச்சுல்ல, அப்புறம் எதுக்கு வாபஸ்?" என்றார். கூடவே அடுத்த கோர்ஸ் 4,500-க்குத் தருகிறாராம். 6,800 ரூபாய், என் சம்பளத்தில் பாதி. அதை விழுங்கிவிட்டு எனக்கே தள்ளுபடி!

சரி, எடை கூட என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முதலில் டாக்டரிடம் பரிசோதனை: தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், சர்க்கரையோ காசநோயோ இருந்தாலும் உடம்பு இளைக்கும். அதைப் பார்க்காமல் நாக்கைப் பார்ப்பவரை நம்பாதீர்கள். மாதம் இரண்டு கிலோ ஏறினாலே நல்ல வேகம் என்றார் டாக்டர். அதற்கு வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் வேர்க்கடலை, முட்டை, பால், வாழைப்பழம் சேர்த்து, கொஞ்சம் எடை தூக்கிப் பயிற்சியும் செய்தால் போதுமாம். இந்தக் காசுக்கு எத்தனை முட்டை வந்திருக்கும்!

உணவுப் பொருள் என்றால் டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும்; மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண். இரண்டும் இல்லையென்றால் தொடாதீர்கள். ஏற்கெனவே பல நாள் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்திருந்தால் அதுவும் ஆபத்து. டப்பாவோடு அன்றே டாக்டரிடம் போங்கள்.

பணம் போனவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள், நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் சொல்லிவிட்டேன். பேசியதெல்லாம் இருக்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அக்கா தன் வாய்ஸ் மெசேஜ்களை நேற்று ராத்திரியே ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்துவிட்டார்.