‘எல்லா ஓஎஸ்ஸுக்கும்’ என்று விற்கப்பட்ட ஆரக்கிள் கிளையன்ட் டிஸ்க்: ஓர் எச்சரிக்கை

கோவைக்கு அருகே ஒரு நூற்பாலையின் கணினிப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆலையில் பழைய ஆட்கள் இன்றும் அதை ‘ஈ.டி.பி. செக்‌ஷன்’ என்றுதான் சொல்வார்கள். 2019 மார்ச்சில் பஞ்சுக் கொள்முதல், ஸ்டோர், சம்பளம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு மென்பொருளை வாங்கினோம். அதை விற்ற நிறுவனம் மென்பொருளின் விலைக்கு மேல், ‘ஆரக்கிள் கிளையன்ட் லைசென்ஸ் மற்றும் இன்ஸ்டாலேஷன், 17 எண்ணம்’ என்று தனியாக ஒரு வரி போட்டு, கணினி ஒன்றுக்கு 2,800 ரூபாய் வீதம் 47,600 ரூபாயும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியுமாக மொத்தம் 56,168 ரூபாய் வாங்கிக்கொண்டது. அந்தப் பணத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரு சிடியும், ஏழு மாதங்கள் பூட்டில்லாமல் கிடந்த ஒரு சர்வரும்தான். இதே வரி வேறு ஆலைகளின் பில்லிலும் இருக்கக்கூடும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

தகவல்களைச் சேமித்து வைக்கும் ஆரக்கிள் டேட்டாபேஸுக்கான உரிமம் சர்வரின் பிராசசர் கணக்கிலோ, பெயர் குறித்த பயனர்களின் எண்ணிக்கையிலோ பெறப்படுவது. அந்த சர்வரோடு பேசுவதற்காக நம் கணினியில் நிறுவும் கிளையன்டுக்குத் தனி உரிமக் கட்டணம் கிடையாது. இன்ஸ்டன்ட் கிளையன்ட் என்ற சிறிய தொகுப்பை ஆரக்கிளின் தளத்திலிருந்தே காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நிறுவித் தரும் உழைப்புக்குக் கூலி கேட்டால் அது நியாயம்; ‘லைசென்ஸ்’ என்று எழுதிக் கேட்டால் அது வேறு. எங்கள் பில்லில் இரண்டையும் ஒரே வரியில் பிசைந்து வைத்திருந்தார்கள். நானும் பிரித்துக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

நிறுவுவதற்கு ஓர் இளைஞர் வந்தார். எங்கள் கணினிகளில் பாதிக்குமேல் சிடி டிரைவே இல்லாததால், யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் ஒன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அவர் எடுத்த வட்டு அச்சிட்ட வட்டு அல்ல. வெறும் சிடி-ஆர், அதன் மேல் கறுப்பு மார்க்கரில் ‘ஆரக்கிள் கிளையன்ட் – ஆல் ஓஎஸ்’, அதாவது எல்லா இயங்குதளங்களுக்கும், என்று எழுதியிருந்தது. எங்களிடம் 64 பிட் விண்டோஸ் 10 ஒன்பது, 32 பிட் விண்டோஸ் 7 ஐந்து, சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ் இரண்டு, முதலாளியின் மகனுடைய மேக் ஒன்று என்று கலந்துகட்டி இருப்பதைச் சொல்லி, எல்லாவற்றிலும் இது ஓடுமா என்று கேட்டேன். “ஆல் ஓஎஸ் டிஸ்க்குங்க சார், எல்லாத்துலயும் போயிருமுங்க” என்றார். வட்டில் விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று மூன்று ஃபோல்டர்கள் இருந்தது உண்மை. கோப்புகளின் தேதிகள் 2004, 2005 என்று இருந்ததை நான் அப்போதே பார்த்திருக்க வேண்டும்.

விண்டோஸ் ஃபோல்டரில் இருந்தது ஆரக்கிளின் 10ஜி என்ற பழைய பதிப்புக்கான கிளையன்டின் முதல் வெளியீடு, பேட்ச் எதுவும் போடாதது. அதன் செட்டப் விண்டோஸ் 7, 10 இரண்டையும் தனக்குத் தெரிந்த பதிப்பு இல்லை என்று மறுத்துவிட்டது. அவர் அந்தச் சோதனையையே தவிர்க்கும் கட்டளையைக் கொடுத்து நிறுவினார். 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள்கள் ‘புரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)’ என்ற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். அந்தப் பெயரில் இருக்கும் அடைப்புக்குறி பழைய ஆரக்கிள் கிளையன்டுக்கு ஆகாது, அங்கிருந்து இணைக்க முயன்றால் ஓரா-12154 என்ற பிழையைக் காட்டும். அவர் மென்பொருளை அப்படியே சி டிரைவின் வேருக்கு நகர்த்தினார், அந்தப் பிழை போயிற்று. மென்பொருளை டேட்டாபேஸோடு சேர்க்கும் ஓடிபிசி இணைப்பையும் 64 பிட் நிர்வாகப் பலகையில் உருவாக்கிவிட்டு, மென்பொருளுக்கு அது தெரியவில்லையே என்று அரை நாள் தேடினார். 32 பிட் பலகை ‘சிஸ்வாவ்64’ என்ற ஃபோல்டரிலும் 64 பிட் பலகை ‘சிஸ்டம்32’ ஃபோல்டரிலும் தலைகீழாக இருப்பது பெரிய கைகளையே குழப்பும் விஷயம் என்பதால் அதை நான் குறையாகச் சொல்லவில்லை. கிளையன்டின் பிட் எண்ணிக்கை விண்டோஸோடு அல்ல, அதைக் கூப்பிடும் மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்பது தெரிந்திருந்தால் அந்த அரை நாள் மிச்சமாகியிருக்கும்.

லினக்ஸில் நிலைமை இன்னும் மோசம். வட்டில் இருந்தவை 32 பிட் கோப்புகள். எங்களுடையது 64 பிட் சென்ட்ஓஎஸ். ஆரக்கிளுக்குக் கட்டளை கொடுக்கும் எஸ்க்யூஎல் பிளஸ் நிரலை இயக்கியதும் ‘பேட் எல்ஃப் இன்டர்பிரட்டர்’ என்று வந்தது; 32 பிட் கோப்பை ஓட்டும் துணைநிரல் இல்லை என்று அதற்கு அர்த்தம். கோப்பு கண்ணெதிரே இருக்கும்போது ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று அதே வரி சொன்னதால், சிடியில் கீறல் விழுந்திருக்கிறது என்று அவர் முடிவுசெய்தார். வட்டை வெளியே எடுத்துத் துடைக்கப் பார்த்தால் டிரைவ் திறக்கவில்லை. டெர்மினல் இன்னும் அந்த வட்டின் ஃபோல்டருக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. வெளியே வந்து அன்மவுன்ட் செய்திருந்தால், அதாவது வட்டை லினக்ஸின் பிடியிலிருந்து விடுவித்திருந்தால், திறந்திருக்கும். நான் அதைச் சொல்வதற்குள் மேசையிலிருந்த ஜெம் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, டிரைவின் முகத்தில் இருந்த குண்டூசித் துளைக்குள் விட்டு அழுத்தி, தட்டை வெளியே இழுத்துவிட்டார். மேக்கின் கதை ஒரே நிமிடத்தில் முடிந்தது. அந்த ஃபோல்டரில் இருந்தவை பவர்பிசி சிப்புக்கான கோப்புகள். ஆப்பிள் 2006இல் இன்டெலுக்கு மாறியது. பழைய பவர்பிசி கோப்புகளை ஓட்டும் வசதியையும் 2011இல் எடுத்துவிட்டது. ‘ஆல் ஓஎஸ்’ என்பது பொய் இல்லைதான், பதினான்கு வருடங்களுக்கு முன்னால்.

இதுவரை நடந்தது வெறும் திறமைக்குறைவு என்று நான் விட்டிருப்பேன். அடுத்து நடந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். எங்கள் சர்வர் 12.2 பதிப்பு, அவ்வளவு பழைய கிளையன்டுகள் பேசும் உள்நுழைவு முறையை அது இயல்பிலேயே ஏற்பதில்லை. விண்டோஸ் கணினிகள் அனைத்தும் ஓரா-28040, அதாவது உள்நுழைவு முறை பொருந்தவில்லை, என்ற பிழையோடு திரும்பிவந்தன. அதற்குச் சரியான மருந்து புதிய கிளையன்ட். அந்த இளைஞர் தன் மேலாளரை ஃபோனில் அழைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து “சர்வர்ல ஒரு சின்ன செட்டிங் மாத்தணும், சிஸ் பாஸ்வேர்டு வாங்கிக்கோ” என்று வந்த குரல் எனக்கே கேட்டது. சிஸ் என்பது டேட்டாபேஸில் முழு அதிகாரமும் உள்ள கணக்கு. மாலை ஷிஃப்டுக்குள் ஸ்டோர் ஓட வேண்டும் என்ற நெருக்கடியில் கடவுச்சொல்லை நானே தட்டிக் கொடுத்தேன். இதில் என் பங்கு தவறு அதுதான். இதை மறைத்து எழுத விருப்பமில்லை.

அவர்கள் மாற்றியது ஒன்றல்ல, மூன்று. அனுமதிக்கப்படும் உள்நுழைவுப் பதிப்பை 12இலிருந்து 8க்கு இறக்கினார்கள். கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும் அமைப்பை அணைத்தார்கள். பிறகு எல்லாப் பயனர்களின் கடவுச்சொல்லையும் புதிதாகப் போட்டார்கள். மூன்றாவதுதான் விஷமம் நிறைந்தது. பதிப்பு 8இல் இருக்கும்போது போடப்படும் ஒவ்வொரு கடவுச்சொல்லுக்கும், அதை முழுவதும் பெரிய எழுத்தாக்கி டெஸ் என்ற பழைய குறியாக்க முறையில் சுருக்கிய 10ஜி அடையாளம் ஒன்றும் சர்வரில் சேமிக்கப்படும். அதை உடைப்பது இன்றைய கணினிகளுக்குக் கடினமில்லை. ஆலையின் சம்பளப் பட்டியல், பஞ்சு வாங்கும் விலை எல்லாம் அந்தப் பூட்டின் பின்னால்தான் இருந்தன.

இதை நான் கண்டுபிடித்ததும் என் சாமர்த்தியத்தால் அல்ல. அக்டோபரில் ஒரு நாள் ஸ்டோர் கணக்காளர் கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருக்க கடவுச்சொல்லை அடித்து உள்ளே போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவருடைய கடவுச்சொல் சிறிய எழுத்தில் தொடங்குவது எனக்குத் தெரியும், அதை எழுதிக் கொடுத்தவனே நான்தான். “இது எப்பவும் இப்படித்தான் சார் போகுது” என்றார் அவர்.

அன்றிரவே உட்கார்ந்து சரிசெய்யத் தொடங்கினேன். 12.2 இன்ஸ்டன்ட் கிளையன்டை ஆரக்கிளின் தளத்திலிருந்து இறக்கினேன்: எங்கள் மென்பொருள் 32 பிட் என்பதால் எல்லா விண்டோஸுக்கும் 32 பிட் தொகுப்பு, லினக்ஸுக்கு 64 பிட் ஆர்பிஎம் நிறுவல் தொகுப்பு, மேக்குக்கு அதற்குரியது. விண்டோஸில் விஷுவல் சி++ 2013 ரன்டைம் இல்லாத கணினிகளில் அதையும், லினக்ஸில் லிப்ஏஐஓ என்ற நூலகத்தையும் முதலில் போட வேண்டியிருந்தது. சர்வரின் முகவரியும் 1521 என்ற போர்ட்டும் எழுதிய ஒரே ‘டிஎன்எஸ்நேம்ஸ்.ஓரா’ என்ற ஆரக்கிள் முகவரிக் கோப்பை எல்லாக் கணினிகளுக்கும் நகலெடுத்தேன். பிறகு சர்வரின் இரண்டு அமைப்புகளையும் பழையபடி திருப்பி, ஒவ்வொருவரின் கடவுச்சொல்லையும் மீண்டும் மாற்றினேன். மாற்றியபின் பயனர் பட்டியலில் ‘பாஸ்வேர்டு வெர்ஷன்ஸ்’ என்ற பத்தியைப் பாருங்கள். 11ஜி, 12சி மட்டும் இருக்க வேண்டும். 10ஜி என்று ஒரு பெயருக்கு நேரே இருந்தாலும் அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறது என்று அர்த்தம். பதினேழு கணினிகளுக்கும் சேர்த்து எனக்கு ஆனது இரண்டு இரவும், கேன்டீன் டீயும்.

நிறுவனத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, லைசென்ஸ் என்று எழுதியது தட்டச்சுப் பிழை, அது சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்கள். சர்வர் அமைப்பை மாற்றியதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் கொடுத்த வட்டையும் காதில் வந்த உத்தரவையும் வைத்துக்கொண்டு அவரால் முடிந்ததைச் செய்தார். அடுத்த ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான மதிப்பீடு வந்தது. அதில் நான்காவது வரி: ‘ஆரக்கிள் கிளையன்ட் லைசென்ஸ் ரினியூவல், 17 எண்ணம்.’ அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, அந்த சிடியையும் ஓர் உறையில் போட்டுச் சேர்த்து, ரெஜிஸ்டர் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன்.