எம்.எட். படிப்பா, எம்.ஏ. கல்வியியலா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பட்டதாரிகளுக்கு ஓர் ஒப்பீடு

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பி.எட். முடித்தவர்களிடம் மேற்படிப்பைப் பற்றிப் பேசினால், "எம்.எட். சேரலாமா?" என்ற கேள்விதான் முதலில் வரும். எம்.ஏ. கல்வியியல் என்றொரு பட்டம் இருப்பதும், அதைப் பல இடங்களில் பி.எட். இல்லாமலேயே படிக்கலாம் என்பதும் பலருடைய கணக்கில் வருவதில்லை. இரண்டுமே முதுநிலைப் பட்டங்கள்தாம்; உரிய மதிப்பெண் இருந்தால் எதைக் கொண்டும் கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வைக் கல்வியியலில் எழுதலாம். ஆனால், அவை கொண்டு சேர்க்கும் வேலைகள் வேறு.

எம்.எட். என்பது ஆசிரியர்களைப் பயிற்றுவிப்போருக்கான தொழிற்பட்டம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை இரண்டாண்டுப் படிப்பாக்கின. 2025இல் வெளியான வரைவு ஓராண்டு எம்.எட். படிப்பையும் முன்வைத்திருப்பதால், சேரும் ஆண்டில் எந்த விதி நடப்பில் உள்ளது என்று பார்த்துக்கொள்வது நல்லது. பி.எட். கல்லூரியில் கணிதமோ தமிழோ கற்பிக்கும் முறையை நடத்தும் உதவிப் பேராசிரியராக வேண்டுமானால், அந்தப் பாடத்தில் முதுநிலைப் பட்டமும் எம்.எட். பட்டமும், இரண்டிலும் 55 விழுக்காடும் வேண்டும் என்பது 2014 விதி. கல்வியின் அடிப்படைகளை நடத்தும் பணியிடத்துக்கு மட்டும், எம்.ஏ. கல்வியியலும் பி.எட். பட்டமும் அதே மதிப்பெண்ணுடன் இருந்தால் போதும். இந்த விலக்கு பலருக்குத் தெரியாது.

பணியிலிருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியருக்குக் கணக்கு வேறு. முன்பு கூடுதல் பட்டம் பெற்றால் கிடைத்த ஊக்க ஊதிய உயர்வுக்காகவே எம்.எட். படித்தவர்கள் உண்டு; அந்த உயர்வை அரசு 2020 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. இனி அதற்காக நீண்ட விடுப்பு எடுப்பதில் பொருளில்லை என்பது என் கருத்து. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. கல்வியியலை வேலையை விடாமலே குறைந்தது இரண்டு, அதிகபட்சம் நான்கு ஆண்டுகளில் முடிக்கலாம். தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும் என்பது குறை. தமிழ்வழியில் படித்து வந்தவருக்குப் பாடத்தைவிட இதுவே பெரிய வேலை.

வேலையில் இன்னும் சேராத இளைஞருக்கு, பெங்களூரு சர்ஜாபுராவிலுள்ள அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. கல்வியியலைத் தயங்காமல் சொல்வேன். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் எட்டும் தொலைவு. நம் ஊர்க்காரர்களுக்கு அது சென்னையைவிடப் பக்கம். இரண்டாண்டு முழுநேரப் படிப்பு, நேரடிக் களப்பணி, குடும்ப வருமானத்தைப் பொறுத்த கட்டண உதவி ஆகியவை உண்டு. எழுத்துத் தேர்வையும் நேர்காணலையும் தாண்ட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 68.5 விழுக்காட்டு எழுத்தறிவோடு மாநிலத்திலேயே கடைசியில் நின்ற மாவட்டம் தருமபுரி. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசிவிட்டு, பள்ளிக்கு வந்து தமிழில் எழுத்துக் கூட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவற்றின் காரணத்தைத் தேட விரும்புபவருக்கு, பயிற்சிக் கல்லூரி வேலையை மனத்தில் வைத்து வகுத்த எம்.எட். பாடத்திட்டத்தைவிட, கல்வியைச் சமூகத்தோடும் மொழியோடும் சேர்த்துப் பார்க்கும் எம்.ஏ. அதிகம் உதவும்.

எம்.எட். என்றே முடிவெடுத்தவர், கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரமும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் போன்ற பல்கலைக்கழகத்தின் இணைப்பும் நடப்பில் உள்ளனவா என்று விசாரித்த பிறகே கட்டணம் கட்ட வேண்டும்.